லியாங் வீட்டு ஆண் கொடி

1

நான் ஒரு கொடியை வெட்டி இன்றைக்குச் சரியாக ஒரு வருடம் ஆகிறது.

இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளையும் குடியுரிமைச் சத்தியம் செய்த நாளையும் ஒவ்வொரு வருடமும் நான்தான் வீட்டாருக்கு நினைவுபடுத்த வேண்டும். இந்த நாளுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. மகள் மதுரா விடியற்காலையிலேயே தொலைபேசியில் அழைத்து, "ஹப்பி அனிவர்சரி, அப்பா" என்றாள். மனைவி சுகந்தி குசினிக் கத்தியை எடுத்து மேல் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இண்டைக்கு ஒரு நாளைக்கு உது அங்கையே இருக்கட்டும்" என்றாள்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. வயது ஐம்பத்தேழு. விமானத்துக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை. ஒரு திருகாணி மயிரிழை தடித்திருந்தாலும் அதைச் சிவப்புப் பெட்டியில் போடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போவதில்லை. இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். கீழே வருவனவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து எடுத்தது. நினைவிலிருந்து எழுதும் இடங்களில் எனக்குச் சாதகமாகச் சில பிழைகள் இருக்கலாம்.

2

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் வீடும் லியாங்கின் வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் ஒரு பலகை வேலி. யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பா வேலிக்காக ஒன்பது வருடம் வழக்காடியவர். அடுத்த வளவுச் சின்னத்தம்பியர் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்பது வழக்கு. முடிவில் அந்தச் சாண் நிலம் யாருக்கு என்று தீர்ப்பானதோ எனக்கு நினைவில்லை. இரு பக்கத்துக்கும் வாதாடிய அப்புக்காத்துமார் இரண்டு பேரும் மாடிவீடு கட்டினது நினைவிருக்கிறது.

ஆகவே அயலவர் விடயத்தில் நான் கவனமானவன். லியாங்குடன் முதல் பதினொரு வருடத்தை நான்கு சொற்களில் நடத்தி முடித்தேன். குட்மோர்னிங், கோல்ட், ஹொட், ஸ்னோ. அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. அவர் சீனாவின் தென்பகுதி மலையூர் ஒன்றிலிருந்து வந்தவர். பஸ் திருத்துபவராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது எழுபத்தாறு. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம். இருவருக்கும் அது இரவல். அவர் வினைச்சொற்களை விட்டுவிட்டுப் பேசுவார். நான் எல்லா வினைச்சொற்களையும் ஒரே காலத்தில் பேசுவேன். இந்தக் குறிப்பில் அவர் சொல்வதைத் தமிழில் எழுதும்போது என்னை 'நீர்' என்று அழைப்பதாக எழுதுகிறேன். அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்கு அதுதான் பொருந்தும்.

ஐந்தாவது சொல் வந்தது ஒரு கடிதத்தால். லியாங் வேலியை ஒட்டிப் பிளாஸ்ரிக் தாளால் ஒரு சின்னக் கொட்டில் போட்டிருந்தார். யாரோ மாநகரசபைக்கு முறைப்பாடு செய்துவிட்டார்கள். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து நின்றார்.

"நீரா?" என்றார்.

அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருந்தது. இந்தத் தெருவில் குப்பை வண்டி வரும் நேரத்தைக் கொப்பியில் குறிப்பவன் நான் ஒருவன்தான். முறைப்பாடு என்றால் யாருக்கும் என் முகம்தான் ஞாபகம் வரும். நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

அளக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். அவர் தன் அளவுநாடாவை எடுத்தார். நானும் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு அளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்துவந்தன. கொட்டில் அனுமதித்த உயரத்துக்குள் இருந்தது.

"நீங்கள் யார், முறைப்பாடு செய்தவரா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. பக்கத்து வீடு."

"உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"எழுத்தில் தரவா?" என்றேன்.

ஆட்சேபம் இல்லை என்று எழுதி, நீளம் அகலம் உயரம் மூன்றையும் குறித்து, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அன்று பின்னேரம் வேலிக்கு மேலால் ஒரு பை வந்தது. லியாங்கின் மனைவி அனுப்பியிருந்தார். உள்ளே பன்னிரண்டு மண்ணிற உருண்டைகள். கோழிமுட்டையிலும் சற்றுப் பெரிது. ஆட்டினால் உள்ளே கடகடவென்றது.

3

அது லோ ஹான் குவோ, கடையில் வாங்கிய காய்ந்த பழம். மதுரா அதை 'மங்க் ஃப்ரூட்' என்கிறாள். நம்முடைய பாவற்கொடி, புடோல் கொடிக்குச் சொந்தக்காரக் கொடி. காய் பச்சையாக, மெல்லிய மயிரோடு, உருண்டையாக வரும். முற்றியதைக் காயவைத்து உடைத்துக் கொதிக்கவைத்துத் தொண்டைக்கும் இருமலுக்கும் குடிப்பார்கள். சீன வைத்தியத்தில் பழைய சரக்கு. அதன் விசேடம், நாக்குக்கு இனிப்பு, இரத்தத்துக்குத் தெரியாது.

எனக்குப் பதினான்கு வருடமாக நீரிழிவு. இந்தப் பழத்தின் சாரத்தை வெள்ளைத் தூளாக்கிப் பெட்டியில் விற்கிறார்கள். மதுரா அதைத்தான் கோப்பியில் போடுகிறாள். எங்களை விட்டு நகரின் மறுகோடியில் பார்க்டேல் பக்கம் இரண்டு சிநேகிதிகளோடு குடிபோன நாளில், தான் எடுத்துப்போன தூள்பெட்டிக்குப் பதிலாக எனக்கும் ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனாள். மாதத்தில் ஒருமுறை வருவாள். சோறு கறியைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு போவாள். போனமுறை கொண்டுபோன பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

கொட்டிலுக்குள் லியாங் வளர்த்தது இந்தக் கொடியைத்தான். வேலியடியில் நின்று அவர் சொன்னதை அன்றே எழுதிவைத்தேன்.

"நாலு வருடம். பூ இருக்கு. காய் இல்லை."

"கடையில் பை பையாக விற்கிறார்களே?"

"அது வேறு ஆளுடைய பழம்" என்றார்.

அவருடைய மனைவியும் நான் கேட்டதையே நாலு வருடமாகக் கேட்டு வருகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

குளிர் இந்தக் கொடிக்கு ஆகாது. ஒக்ரோபரில் கொடியைக் குறுக வெட்டி, வேரோடு பூச்சாடியை நிலவறைக்கு இறக்கி, மே மாதத்தில் மேலே ஏற்ற வேண்டும். சாடி ஒன்று ஒரு மூட்டை அரிசிப் பாரம். முந்தைய வருடம் லியாங்குக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. இனிச் சாடி தூக்கினால் கொட்டிலையே பிடுங்கி எறிவேன் என்று மகன் சொல்லிவிட்டான். இந்த ஒரு கோடைக்கு மட்டும் அனுமதி.

"இந்த வருடம் கடைசி. இந்த வருடம் காய்" என்றார் லியாங். அந்த வருடம் மட்டும் ஏன் அவ்வளவு உறுதி என்று நான் கேட்கவில்லை. கொட்டிலுக்குள் வழமையான ஒரு சாடிக்குப் பதில் இரண்டு நின்றதைப் பார்த்தேன். 'பழையது ஒன்று, புதியது ஒன்று' என்று மட்டும் எழுதினேன்.

4

ஜூலையில் அவருடைய மகளுக்கு வன்கூவரில் பிள்ளை பிறந்தது. கணவனும் மனைவியும் பன்னிரண்டு நாள் போனார்கள். போகுமுன் லியாங் பின்வளவு வாசற்பூட்டின் திறப்பையும் ஒரு தாளையும் என்னிடம் தந்தார். தாளில் நான்கு வரி. காலையில் தண்ணீர். வெயில் ஏறினால் பிளாஸ்ரிக்கைச் சுருட்டு. இலையில் தண்ணீர் படக்கூடாது. நன்றி.

முறைப்பாட்டுக்காரன் என்று நினைத்த ஒருவரிடம் திறப்பைத் தருவது சிறிய விடயமல்ல. நான் நான்கு வரியை ஒரு அட்டவணையாக்கிக் கொட்டில் தூணில் ஒட்டினேன். நேரம், வெப்பம், தண்ணீரின் அளவு, கையொப்பம்.

பூ வர இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்று லியாங் சொல்லியிருந்தார். அந்தக் கிழமை ரொறன்ரோவில் கொழும்பைப் போல வெயில் எறித்தது. ஐந்தாம் நாள் காலை இரண்டு கொடியும் பூத்துவிட்டன. பழைய கொடியில் ஒவ்வொரு பூவின் பின்னாலும் பயற்றங்கொட்டையளவில் ஒரு மயிர்ப் பிஞ்சு. புதிய கொடியில் பூக்கள் சரம் சரமாகத் தொங்கின. பிஞ்சு ஒன்றும் இல்லை. பூவுக்குப் பின்னால் வெறும் காம்பு.

எனக்கு உடனே விளங்கியது. ஆண்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் பப்பாசி நின்றது. பப்பாசியில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. பூக்கும்வரை தெரியாது. பூத்துச் சரம் தொங்கினால் ஆண். சிலர் அதற்கு ஆணி அடித்துப் பார்ப்பார்கள், காய்க்கும் என்று. அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. சரம் கண்ட அன்றே கத்தியோடு போவார். இடத்தையும் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது என்பது அவர் கட்சி. ஆறேழு வயதிலிருந்து நானும் கூடப் போயிருக்கிறேன். சரம் என்றால் கத்தி. எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி.

இங்கேயும் புதிய கொடி பழையதன் பந்தலில் பாதியைப் பிடித்திருந்தது. லியாங்குக்கு இது கடைசி வருடம். அவர் திரும்பி வரும்வரை விட்டால் பழைய கொடியின் சத்து வீணாகிவிடும். அவர் எழுதாத ஐந்தாவது வரியை நான் எழுதிக்கொண்டேன்.

வெட்டு சுத்தமாக இருந்தது. மண்ணிலிருந்து நான்கு அங்குலம் விட்டு, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில். கொடியைப் பந்தலிலிருந்து இலை கிழியாமல் பிரித்தெடுத்துச் சுருட்டினேன். தோட்டக் கழிவை இங்கே இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். அதுவும் கடதாசிப் பையில் கட்டினால்தான். அந்தக் கிழமை எங்கள் முறை இல்லை. ஆகையால் வெட்டிய கொடியைத் தண்ணீர் இருந்த வாளிக்குள் நிறுத்தி, நிழலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெட்டுமுன் ஒரு படம், வெட்டியபின் ஒரு படம். இரண்டையும் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் அனுப்பினேன். எனக்கு அன்று மனம் நிறைவாக இருந்தது என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

5

மதுரா படத்துக்குப் பதில் எழுதும் பிள்ளை அல்ல. என் பிறந்தநாள் கேக்கின் படத்துக்கே ஒரு கட்டைவிரல்தான் அனுப்பியவள். அன்று நாலு நிமிடத்தில் அழைத்தாள்.

"அப்பா, வெயிற். நீங்க மேல் பிளான்ற்றைக் கட் பண்ணிட்டீங்களா?"

"ஓம். ஆண் கொடி. அது காய்க்காது."

"அது காய்க்காதுதான் அப்பா. பட் அது இல்லாட்டி மற்றதும் காய்க்காது. திஸ் இஸ் லைக், கிரேட் சிக்ஸ் சயன்ஸ்."

"பாவற்கொடியிலை ரெண்டு பூவும் ஒரு கொடியிலைதானே பூக்கிறது."

"இது பாவற்கொடி இல்லை அப்பா."

"பப்பாசி?"

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவள் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பப்பாயாவுக்கும் மேல் ட்ரீ வேணுமாம். பக்கத்திலை எங்கையாவது ஒண்டு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் வளவில் ஆண் பப்பாசி ஒன்றுகூட மிஞ்சியதில்லை. ஆனாலும் பெண் மரங்கள் வஞ்சகமில்லாமல் காய்த்தன. அப்பா அதைத் தன் கத்தியின் திறமை என்றே கடைசிவரை நம்பினார். ஆனால் சின்னத்தம்பியர் ஒரு மரத்தையும் வெட்டாத சோம்பேறி. அவருடைய கிணற்றடியில் மூன்று ஆண் பப்பாசி நெடுநெடுவென்று நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடம் யாரை நீதிமன்றத்துக்கு இழுத்தோமோ, அந்த மனிதரின் மரத்து மகரந்தத்தில்தான் எங்கள் வீட்டில் பழம் சாப்பிட்டிருக்கிறோம். வேலியைத் தாண்டி வந்தது ஒரு சாண் நிலம் மட்டும் அல்ல.

சுகந்தி குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கடை ஆக்களை நீங்களே வெட்டிப்போட்டு வந்து நிக்கிறியள்" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்."

"ஒண்டுக்கும் உதவாதெண்டு ஆம்பிளையளை வெட்டுறதெண்டால் நான் முப்பது வருசத்துக்கு முந்தியே துவங்கியிருப்பன்."

"உது பகிடி விடுற விசயமில்லை, சுகந்தி. அந்த மனுசனுக்கு இது கடைசி வருசம்."

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு அன்று பகிடி விடவில்லை. எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

6

அன்று பின்னேரம் மதுரா நேரில் வந்துவிட்டாள். சுரங்க ரயிலும் இரண்டு பஸ்ஸும் பிடித்து வந்திருந்தாள். சனிக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைக்காத பிள்ளையை ஒரு சீனத்துக் கொடி வேலைநாளில் கொண்டுவந்து சேர்த்தது. வந்ததும் கேட்ட முதற் கேள்வி, வெட்டினதை எறிந்துவிட்டேனா என்பது.

"இல்லை. இந்தக் கிழமை கழிவு எடுக்கமாட்டாங்கள்."

"தாங்க் கோட்" என்றாள்.

வாளிக்குள் கொடி வாடாமல் நின்றது. சரங்களில் விரியாத மொட்டுகள் இருந்தன. சீன மலையூர்களில் இந்தக் கொடிக்குத் தேனீயை நம்புவதில்லையாம். விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை மடித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டு வைப்பார்களாம். ஒவ்வொரு பூவாக, கையால். மதுரா தொலைபேசியில் காட்டிய காணொளியில் ஒரு பெண் அதை மணிக்குப் பல நூறு பூ என்ற வேகத்தில் செய்துகொண்டிருந்தாள். எங்களுக்கு இருந்தது பதினொரு பெண் பூக்களும், வாளிக்குள் எத்தனை மொட்டு விரியும் என்ற கேள்வியும்.

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு அப்பாவும் மகளுமாக லியாங்கின் கொட்டிலுக்குள் குனிந்து நின்றோம். இரவு இரண்டு மொட்டு விரிந்திருந்தது. நான் ஆண் பூவைப் பிடித்தேன். அவள் பெண் பூவின் இதழை விரித்துப் பிடித்தாள். சின்ன இடுக்கியால் பிடிக்கலாம் என்றேன். விரலால் பிடியுங்கோ அப்பா, இது திருகாணி இல்லை என்றாள்.

"இந்தப் பவுடருக்குத் தமிழிலை என்ன?"

"மகரந்தம்."

"மக்... ஓகே, நெவர் மைன்ட். தொடுங்கோ."

சுகந்தி எங்கள் வீட்டு மேல் யன்னலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

"மாப்பிள்ளை வாளிக்குள்ளை, பொம்பிளை பந்தலிலை. நல்ல கலியாணம்" என்றாள்.

"அம்மா, டோன்ற் மேக் மீ லாஃப், கை ஆடுது."

மதுரா நான்கு நாள் எங்களோடு தங்கினாள். வேலையை மடிக்கணினியில் செய்தாள். தன் பழைய அறையில் இப்போது தையல் இயந்திரம் இருப்பதைப் பார்த்துவிட்டு வரவேற்பறைச் சோபாவில் படுத்தாள். நான்கு காலைகளில் வாளிக்குள் ஆறு பூ விரிந்தன. ஒரு பூவை இரண்டு பெண் பூக்களுக்குத் தொட்டோம். பதினொன்றுக்கும் முடித்தோம். தொட்ட நேரத்தைப் பூ வாரியாக எழுதி, காம்பில் நூல் கட்டி இலக்கம் போட்டேன்.

அதற்கடுத்த நாட்களில் பிஞ்சுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. எட்டு விழுந்தன. மூன்று நின்றன. நின்ற மூன்றும் தடித்தன.

7

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் லியாங் வந்து இறங்கினார். அதற்கு முந்தைய இரவுச் சாப்பாட்டில் சுகந்தி எனக்கு ஒரு வழி சொன்னாள்.

"பூச்சி வெட்டிப்போட்டுதெண்டு சொல்லுங்கோவன்."

"நாலு அங்குலம் விட்டு, நாப்பத்தைஞ்சு பாகையிலை வெட்டுற பூச்சியோ?"

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. பிலாக்கொட்டை வறுத்திருக்கிறன், கொண்டுபோங்கோ."

நான் அட்டவணையைக் கொண்டுபோனேன். அவருடைய மனைவி பயணப்பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். லியாங் உடுப்பு மாற்றாமல் நேரே கொட்டிலுக்குப் போய்விட்டிருந்தார். நான் போனபோது வெட்டிய அடித்தண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் வெட்டினேன்" என்றேன்.

"ஏன்?"

"எங்கள் ஊரில் ஆண் மரத்தை வெட்டுவோம்."

அவர் வெட்டின் சாய்வை விரலால் தடவினார்.

"உங்கள் ஊரில் ஆண் மரம் என்ன செய்தது?" என்றார்.

நான் அட்டவணையை நீட்டினேன். அந்தக் கொடியை மார்க்கம் நகரில் உள்ள ஒரு சிநேகிதரிடமிருந்து, இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, ஒரு சாண் தண்டாக வாங்கி வந்து வேர்பிடிக்க வைத்தாராம். நாலு வருடம் பெண் கொடி தனியாகப் பூத்துத் தனியாகக் கொட்டியதாம். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், பஸ்ஸின் எந்தப் பாகம் பழுது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் நூல் கட்டிய மூன்று காய்களையும் காட்டினேன். ஒவ்வொன்றையும் தொடாமல், விரலை அரை அங்குலம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அட்டவணையை வாங்கவில்லை.

"திறப்பு" என்றார்.

கொடுத்தேன்.

அதற்குப் பிறகு குட்மோர்னிங் நின்றது. வெயில் எறித்தது, அவர் 'ஹொட்' என்று சொல்லவில்லை. செப்ரெம்பரில் குளிர் தொடங்கியது, 'கோல்ட்' என்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் சின்னத்தம்பியரும் வழக்கு நடந்த ஒன்பது வருடமும் முற்றத்தில் நின்று ஒருவரையொருவர் வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்கள். அதிலே ஒரு உறவு இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மதுரா மட்டும் கிழமைக்கு இரண்டு தரம் அழைத்தாள். என் சர்க்கரை அளவைக் கேட்பதற்கு முன் காய்களைக் கேட்டாள். நான் மேல் யன்னலில் நின்று பிளாஸ்ரிக்கினூடாகப் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொன்னேன். ஒருநாள் இரண்டுதான் தெரிகிறது என்றேன். அவள் மற்றது இலைக்குப் பின்னால் இருக்கும் என்றாள்.

8

ஒக்ரோபரில் முதல் உறைபனி எச்சரிக்கை வந்த பின்னேரம் கதவு தட்டினார்கள். லியாங்கின் மனைவி நின்றார். அவர் ஆங்கிலம் பேசுவதில்லை. என்னையும் சுகந்தியையும் சுட்டிக்காட்டி, கோப்பை தூக்கிக் குடிப்பதுபோலக் காட்டினார். சுகந்தி சேலை மாற்றப் போனாள். அவர் அவளைக் கையில் பிடித்து அப்படியே கூட்டிக்கொண்டு போனார்.

மேசையில் இரண்டு பழம் இருந்தன. மண்ணிறமாக, அடுப்பில் குறைந்த சூட்டில் இரண்டு நாள் காய்ந்தவை. மூன்றாவது முற்றுமுன் விழுந்துவிட்டதாம். வீடு முழுக்கப் பனங்கட்டி அடிப்பிடித்த மணம். லியாங் ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் தட்டி உடைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டார்.

நாங்கள் நால்வரும் குடித்தோம். உண்மையை எழுதுகிறேன். கடையில் வாங்குவதை விட அது நன்றாக இருக்கவில்லை. இனிப்பு இருந்தது, பின்னால் கொஞ்சம் கசப்பு, அதற்கும் பின்னால் கஷாயம். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு லியாங்குக்குச் சீனத்தில் ஒரு சொல் சொன்னார். லியாங் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"கடைப்பழம் திறம் என்று சொல்கிறாள்."

சொல்லிவிட்டுத் தன் கோப்பையை இரண்டாம் தரம் நிரப்பினார். மூன்றாம் தரமும் நிரப்பினார். கடைசிச் சொட்டுக்குக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூன்றாவது ஏன் விழுந்தது?"

நான் வீட்டுக்குப் போய் அட்டவணையை எடுத்து வந்தேன். மூன்றாவது, ஒன்பதாம் இலக்கப் பூ. தொட்ட நேரம் எட்டுப் பத்து. அன்று மதுராவுக்கு அலுவலக அழைப்பு ஒன்று வந்ததால் பிந்தியது. லியாங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு வரியையும் வாசித்தார்.

"எட்டுப் பத்து பிந்தியது" என்றார். பதினொரு கிழமையில் அவர் என்னோடு ஒத்துப்போன முதல் விடயம் அது.

அன்று இருட்டுமுன் சாடிகளை நிலவறைக்கு இறக்க வேண்டியிருந்தது. மகன் வேலையில். லியாங் குனியப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். பதின்மூன்று படி. பெண் கொடியின் சாடியை இறக்கிவிட்டு வந்து, ஆண் கொடி நின்ற வெறுஞ்சாடியைக் குப்பைப் பக்கம் நகர்த்தினேன். லியாங் என் தோளில் தட்டி நிறுத்தினார். மண்ணை விரலால் கிளறினார். உள்ளே சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு, கெட்டியாக இருந்தது.

"சாகவில்லை" என்றார். "கீழே."

கொண்டுபோய் வைத்தேன்.

9

இந்த வருடம் மே மாதம் இரண்டு சாடியையும் நான்தான் மேலே ஏற்றினேன். லியாங்கின் மகன் சம்மதித்துவிட்டான். தூக்குவது அப்பா இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அது விதிக்குள் வருகிறதாம். பெண் சாடியைக் கொட்டிலில் வைத்தேன். ஆண் சாடிக்கு லியாங் வேறு இடம் காட்டினார். எங்கள் வீட்டுப் பக்கம், வேலியோடு, வெயில் விழும் மூலை.

"இங்கேயா?"

"என் பக்கம் இருந்தால் வெட்டுவீர். உம் பக்கம் இருந்தால் கவனிப்பீர்."

நான் மறுக்கவில்லை. சுகந்தி மட்டும், உங்கள் ஆள் எங்களிடம் வந்துவிட்டார், சாப்பாடு போட வேண்டியதுதான் என்றாள். மதுரா அதற்கு ஒரு பந்தல் கட்டித் தருவதாகச் சொல்லி இரண்டு சனிக்கிழமை வந்தாள். பந்தல் கோணலாக இருக்கிறது. நான் அளக்கவில்லை.

மூன்று நாளுக்கு முன் ஆண் கொடி பூத்தது. காலை ஆறரைக்கு லியாங் வேலியடிக்கு வருவார். விரிந்த பூவை ஒரு தட்டு மூடியில் வைத்து நான் மேலால் நீட்டுவேன். வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்ப் பிளாஸ்ரிக்கை இழுத்து மூடிவிடுவார். மூன்று நாளும் அப்படித்தான். நன்றி என்ற சொல் கிடையாது. நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்று காலை மூடியை வாங்கிய கை நடுங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இடைக்கிடை அப்படி வருமாம். ஒரு பூ மூடியிலிருந்து தவறிப் புல்லில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் மூடியை வேலிக்கு மேலால் என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் பின்வளவு வாசலைத் திறக்கப் போனார்.

கொட்டிலுக்குள் பத்துப் பெண் பூக்கள் விரிந்திருந்தன.

"நீர் செய்யும்" என்றார்.

நான் ஆண் பூவின் இதழை மடித்தேன். முதல் பெண் பூவின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். லியாங் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். தன் நடுக்கத்துக்கு ஒரு பிடிமானமாகப் பிடித்தாரா, நான் வேறு ஏதும் செய்துவிடாமல் காவலுக்குப் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை. பத்துப் பூவும் முடியும்வரை அவர் விடவில்லை.